துளை இருந்தும் துணை வேண்டும்

வணக்கம் நேயர்களே.

நம் உடலின் செல்கள் டிஎன்ஏ இழையை ஹிஸ்டோன் என்ற புரதங்களில் சுற்றி வைத்திருக்கின்றன. விந்தணு உருவாகும்போது மட்டும் இந்த ஹிஸ்டோன்களில் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. முதலில் இடைமாற்றப் புரதங்கள் அந்த இடத்துக்கு வருகின்றன. பிறகு புரோட்டமின்கள் வந்து இழையை இறுக்கிக் கட்டுகின்றன. 1874-இல் ரைன் ஆற்று சால்மன் மீனின் விந்திலிருந்து புரோட்டமினைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டவர் ஃபிரெடரிக் மீஷர். அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, சீழ் படிந்த கட்டுத்துணிகளிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தவரும் அவர்தான்!

இந்தப் புரதங்கள் தயாராவது உட்கருவுக்கு வெளியே. உள்ளே போக உட்கரு உறையில் துளைகள் உண்டு. சுமார் 40,000 டால்டனுக்கு (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) குறைந்த புரதம் தானாகவே நுழைந்துவிடும், பெரியவற்றை இம்போர்ட்டின் என்ற சுமக்கும் புரதம் கூட்டிச்செல்லும் என்று பாடப்புத்தகம் சொல்லும். வகுப்பில் நானும் அப்படியே சொல்லிவந்தேன்.

டிபி2 என்ற இடைமாற்றப் புரதத்தின் எடை ஏறத்தாழ 13,000 டால்டன்தான். கணக்குப்படி அதற்குத் துணையே தேவையில்லை. ஆனால், பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் எம்.ஆர்.எஸ். ராவ் குழுவினர் எலியின் டிபி2 புரதத்தை ஆராய்ந்து, இம்போர்ட்டின்-4 அதை உட்கருவுக்குள் கொண்டுசெல்கிறது என்று 2008-இல் காட்டினார்கள்.

சிறியதற்கு எதற்குத் துணை? டிபி2 நேர்மின் சுமை மிகுந்தது. எதிர்மின் கொண்ட ஆர்என்ஏவைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. சந்தைக்கு அழைத்துப்போன பிள்ளை மிட்டாய்க்கடைக்கு மிட்டாய்க்கடை நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் நுழைய முடியாததல்ல, வாசல்வரை வந்துசேராததே சிக்கல். ஹிஸ்டோன், ரைபோசோம் புரதங்களின் ஒட்டும் பகுதிகளை இம்போர்ட்டின்கள் மூடிக் காப்பது முன்பே தெரியும். இங்கும் அதுவே நடக்கிறது என்பது என் ஊகம்.

உள்ளே போனதும் ரான் என்ற இன்னொரு புரதம் இம்போர்ட்டினைப் பற்றிக்கொண்டு, சுமையை இறக்கச் செய்கிறது.

நேரமும் தப்பக் கூடாது. புரோட்டமினுக்கான தூது ஆர்என்ஏ, அதாவது அதைத் தயாரிப்பதற்கான செய்முறைப் படி, முன்கூட்டியே உருவாகி, பல நாள் சும்மா காத்திருக்கிறது. சுண்டெலிகளில் அந்தக் காத்திருப்பைக் குலைத்துப் பார்த்தார்கள். 1995-இல் வெளியான அந்த ஆய்வில், உட்கரு அகாலத்தில் இறுகி, விந்தணு வளர்ச்சி பாதியில் நின்றது. தாமதிக்கவும் வழியில்லை. செல் நீளும்போது உட்கருத் துளைகள் தலைப்பக்கத்திலிருந்து மறைந்து, வால் பக்கம் ஒதுங்கிவிடுகின்றன.