கண்ணாடி ஏன் நெற்றிக்குப் போகிறது?

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களிலும் ஆலைகளிலும் உழைப்பவர்களோடு பேச இடம் கொடுத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி.

வேலை தொடங்குமுன் பெயர் பதியக் கூடும் காலைப் பெரட்டு முடிந்து குலை வெட்டப் போகிறவர்களைக் கவனியுங்கள். பலருடைய பாதுகாப்புக் கண்ணாடி கண்ணில் இருக்காது, நெற்றிக்கு ஏறியிருக்கும். "எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை, பிடிவாதக்காரர்கள்" என்று நிர்வாகத்தில் குறைப்பட்டுக்கொள்வார்கள். அந்தப் பேச்சு எனக்கு ஒப்பவில்லை.

அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நீண்ட அலுமினியக் கழியின் நுனியில் அரிவாள். கழுத்தை அண்ணாந்து மட்டைக்கும் குலைக்கும் இடையில் அதை மாட்ட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகிக் கண்ணாடியின் உள்பக்கம் படிகிறது. மேலே எல்லாம் மங்கலாகத் தெரிகிறது. 20 கிலோவுக்கு மேல் கனக்கும் குலை எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரியாமல் நிற்பதா, கண்ணில் தூசியும் முள்ளும் விழுந்தாலும் பரவாயில்லை என்று கண்ணாடியை ஏற்றிவிடுவதா? அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார். அவருடைய கணக்கில் தவறில்லை. தவறு கண்ணாடியை வாங்கியவர்களிடம் இருக்கிறது. வாங்குவதற்கு முன் வெட்டுகிறவர் ஒருவரிடம் கொடுத்து, ஒரு நாள் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். கம்பி வலை வைத்த முகமறைப்பில் ஆவி படியாது. ஆனால் அது நுண்ணிய தூசியைத் தடுக்காது. எது தோதுப்படும் என்பதை அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறவரால்தான் சொல்ல முடியும்.

நான் வற்புறுத்துவதெல்லாம் இதுதான்: விதியை எழுதும்போதே தொழிலாளியைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்த பிறகு ஒத்துழைப்புக் கேட்டால் கையெழுத்துக் கிடைக்கும், மனம் கிடைக்காது.

கூலியைப் பற்றியும் பேசியாக வேண்டும். வெட்டிய எடைக்கு ஏற்பக் கூலி கொடுக்கும் இடத்தில் ஒவ்வொரு நிமிடமும் காசு. பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த அலுமினியக் கழி கம்பியில் பட்டால் மின்சாரம் நேராகக் கைக்கு வரும். உதிரிப் பழம் பொறுக்குகிறவரைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். குலை விழும் பக்கம் பார்த்து, விலகுவதற்கு வழி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இவ்வளவுக்கும் ஆகும் நேரத்துக்குக் கூலி இல்லையென்றால், பெரட்டில் தினமும் பாதுகாப்பு உரை நடத்தி என்ன பயன்? மாத இலக்கை நிர்ணயிக்கும்போதே அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள் என்று மேலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு வழக்கம் என்னை மிகவும் வருத்துகிறது. விபத்தில்லாத நாட்களைப் பலகையில் எழுதி, மாதக் கடைசியில் பரிசு கொடுப்பது. நல்ல எண்ணத்தில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் கையில் முள் ஏறியவர், தன்னால் குழுவின் பரிசு போய்விடுமே என்று துணியைச் சுற்றிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார். சில நாளில் கை வீங்கிச் சீழ் பிடித்து மருத்துவமனைக்குப் போகும்போது, வேலையிடத்தில் பட்ட காயம் என்று காட்ட ஒரு பதிவும் இருக்காது. விபத்து நடந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. பரிசு கொடுப்பதானால், மட்டை தலைக்குப் பக்கத்தில் விழுந்து தப்பித்ததை வந்து சொல்கிறவருக்குக் கொடுங்கள்.

சட்டம் தொழிலாளியின் பக்கம் நிற்பதும் பலருக்குத் தெரியாது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, அதை முதலாளியிடம் சொல்லியும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. சட்டப்படி கொடுக்க வேண்டிய தலைக்கவசம், கையுறை போன்றவற்றுக்குச் சம்பளத்தில் காசு பிடிக்கவும் கூடாது.

ஆனால் இந்த உரிமையைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் வேலையை மேற்பார்க்கும் மண்டோர்தான். "ஐயா, அந்த மரத்துக்கிட்ட கம்பி தாழ்வாகத் தொங்குகிறது" என்று ஒருவர் வந்து சொல்லும்போது, "வெட்டத் தெரியாதவனுக்கு ஆயிரம் சாக்கு" என்று நாலு பேர் முன்னால் சிரித்தால், அந்த ஆள் மட்டுமல்ல, கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் இனி வாய் திறக்க மாட்டார்கள். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தம்பிகளுக்கு ஏற்கெனவே மொழித் தயக்கம். அவர்களிடம் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், தலையாட்டிவிடுவார்கள். "செய்து காட்டு" என்று சொல்லுங்கள்.

40 பேருக்குக் குறையாத தொழிலாளர்கள் இருந்தால் பாதுகாப்புக் குழு கட்டாயம். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். உங்கள் தோட்டத்துக் குழுவில் தொழிலாளர்களின் சார்பில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நாளைக் காலைப் பெரட்டில் விசாரியுங்கள். அவருடைய பெயர் ஒருவருக்கும் தெரியாவிட்டால், மேலாளரிடம் கேட்டு, அவரைப் பெரட்டுக்கு அழைத்து வந்து நிறுத்துங்கள். போன கூட்டத்தில் யார் என்ன கேட்டார்கள், அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அவரே வாசிக்கட்டும். நன்றி, வணக்கம்.