டிரெஸ்டனில் ஒரு தேநீர்க் கெண்டி

நேயர்களுக்கு வணக்கம்.

1945 பிப்ரவரி 13ஆம் தேதி இரவு, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தின் மேல் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட ஆரம்பித்தன. மறுநாள் அமெரிக்க விமானங்களும் வந்தன. போர்க்கைதியாக அந்த ஊரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய் கர்ட் வானகட்டுக்கு அப்போது வயது 22. கைதிகளை அடைத்திருந்தது ஒரு கசாப்புக் கூடத்தில். இறைச்சி வைக்கும் நிலவறைக்குள் இருந்ததால் பிழைத்தார். மேலே ஏறி வந்தால், ஊர் இல்லை.

இதை அவர் நாவலாக்க 20 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்' 1969இல்தான் வெளிவந்தது. நேரில் பார்த்ததை எழுத இவ்வளவு காலமா? சிக்கலே அதுதான், அவர் பார்க்கவில்லை. நகரம் எரிந்தபோது மண்ணுக்கு அடியில் இருந்தார். பிறகு இடிபாடுகளுக்குள் பிணம் தோண்டி எடுத்தார், அவ்வளவுதான்.

முதல் அத்தியாயத்தில், கூடவே கைதியாக இருந்த நண்பரின் வீட்டுக்குப் போகிறார். சமையலறை மேசை, 200 வாட் பல்ப், இரண்டு நாற்காலி. இருவரும் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்; உருப்படியாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நண்பரின் மனைவி மேரியோ ஐஸ் தட்டைத் தொட்டியில் ணங் ணங்கென்று போடுகிறார். கடைசியில் வெடிக்கிறார்: அப்போது நீங்கள் பச்சைப் பிள்ளைகள், ஆனால் சினிமா நாயகர்கள் மாதிரி எழுதிவிடுவீர்கள், அதைப் பார்த்து இன்னும் போர் வரும். அப்படி எழுதமாட்டேன் என்று வானகட் அங்கேயே வாக்குக் கொடுக்கிறார். நாவலில் வரும் வேற்றுக்கிரகவாசிகளை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இந்தச் சமையலறைதான் பெரிது.

மறதியையே அவர் வடிவமாக்கிக்கொண்டார். நாயகன் பில்லி பில்கிரிம் காலத்தில் நிலைகொள்ளாதவன். ஒரு கதவு வழியாகப் போனால் வேறொரு வருஷத்தில் வெளியே வருவான். யார் செத்தாலும் 'அப்படித்தான் போகிறது' என்று ஒரே வரி, நூறு தடவைக்கு மேல். ஒப்பாரி கிடையாது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். செத்தவர்கள் 1,35,000 பேர் என்கிறது நாவல். 2010இல் வரலாற்றாசிரியர் குழு ஒன்று அதிகபட்சம் 25,000 என்று கணக்கிட்டது. எண் தப்புதான்.

ஆனால் நாவலில் வரும் கைதி எட்கர் டெர்பி ஒருவர்தான். 44 வயது வாத்தியார். இடிபாட்டில் கிடைத்த தேநீர்க் கெண்டியை எடுத்ததற்காகச் சுட்டுக் கொல்லப்படுவார் என்று ஆசிரியர் முன்கூட்டியே, திரும்பத் திரும்பச் சொல்கிறார். நாமும் காத்திருக்கிறோம். வரும்போது சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அப்புறம் ஒரு பறவை கத்துகிறது.