அறிமுகக் குறிப்பில் விட்டுப்போனவை

(திருகோணமலையில் எங்கள் வாசிகசாலை நடத்திய பட்டதாரிகள் பாராட்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, மேடையிலிருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் புதுச்சேலையும் புதுச்சட்டையுமாக இருக்கும் பட்டதாரிகளே, அவர்களுக்குப் பின்னால் விசிறிக் காற்று எட்டாத வரிசைகளில் இருக்கும் அம்மா அப்பாமார்களே, உம்மா வாப்பாமார்களே, வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட வேலை மிகச் சிறியது. இன்று பாராட்டுப் பெறும் பதினேழு பேருக்கும் ஆளுக்கு இரண்டு வரியில் அறிமுகக் குறிப்பு எழுதவேண்டும். பெயர், ஊர், பல்கலைக்கழகம், பட்டம், வகுப்பு. அவ்வளவுதான். படிவங்களைக் கொண்டுவந்த செயலாளர் தம்பி, "ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம் சேர்" என்றார். எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இரண்டு வரி எழுதுவது கடினம் இல்லை. வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதியதை இரண்டு வரியாக வெட்டிய பிறகு, வெட்டியதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. அந்த மிச்சத்தைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன். பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற வாத்தியாரின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது தலைவருக்குத் தெரியாததல்ல.

முதலில் ஒரு தாயின் வேண்டுகோள். படிவத்தில் 'சேர்ந்த ஆண்டு, முடித்த ஆண்டு' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. "அதை மட்டும் வாசிக்க வேண்டாம் ஐயா. நான்கு வருடப் படிப்புக்கு ஆறு வருடமா என்று சனம் கேட்கும்" என்றார். அவர் பயந்த அந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் மாதத்தில் கொரோனாவால் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். விரிவுரைகள் கைபேசிக்கு வந்தன. பல்கலைக்கழகத் தளங்களைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம் என்று ஒழுங்கு செய்திருந்தார்கள். ஆனால் சிக்னல் வேண்டுமே! அந்தத் தாயின் மகன் வீட்டுக் கிணற்றுக்கட்டில் ஏறி நின்றால் இரண்டு கோடு, வேப்பமரத்தின் முதல் கிளையில் உட்கார்ந்தால் மூன்று கோடு. புள்ளிவிவரவியலில் ஒரு பாடம் முழுவதையும் வேப்பமரத்திலிருந்து படித்தவனை நான் இதற்குமுன் கண்டதில்லை. அது ஓய்ந்து மூச்சுவிடுவதற்குள் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. எண்ணெய்க்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. பஸ் ஓடவில்லை, வகுப்பு நடக்கவில்லை, பரீட்சை தள்ளிப்போனது. அம்மா, உங்கள் மகன் இரண்டு வருடம் பிந்தவில்லை. நாடு அவனிடம் இரண்டு வருடத்தைக் கடன் வாங்கியது. இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்குள் கால் வைப்பதே நமக்கு ஒரு கணக்கு. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவு செய்யும் உயர்தரப் பரீட்சையில் எத்தனை புள்ளி எடுத்தாய் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. இசட் புள்ளி எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். ஒரு பாடத்தில் எல்லாரும் எடுத்த சராசரியிலிருந்து நீ எவ்வளவு தள்ளி நிற்கிறாய் என்பதை அந்தப் பாடத்தின் புள்ளிகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி எடுத்தால் வருவது அது. தசமப் புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம். பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய தகுதிக்கு, 55 இடம் மாவட்டங்களுக்கு, 5 இடம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தக் கடைசி ஐந்துக்குரிய பட்டியலில் திருகோணமலையும் உண்டு. "உங்களுக்கென்ன, குறைந்த வெட்டுப்புள்ளியில் நுழைந்துவிடுகிறீர்கள்" என்று விடுதியில் கேட்டவர்களுக்கு நம் பிள்ளைகள் என்ன பதில் சொன்னார்கள் என்று விசாரித்தேன். ஒருத்தி சொன்னாள்: "முதலாம் வருடம் பதில் சொல்லவில்லை சேர். இரண்டாம் வருடம் பெறுபேறு வந்தது. அதன்பிறகு ஒருவரும் கேட்கவில்லை."

அவள் மூதூர்ப் பக்கத்துப் பிள்ளை. சம்பூர். படிவத்தில் 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் எழுதி, வெட்டி, மறுபடியும் எழுதியிருந்தாள். 2006இல் போருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியபோது அவளுக்கு எட்டு வயது. பிறகு கிளிவெட்டி முகாம், தகரக் கொட்டில். ஊரை மீளக் கொடுக்கத் தொடங்கியதே 2015இல்தான். நான் போனபோது அவளுடைய அம்மம்மா உள்ளேயிருந்து ஒரு சொப்பிங் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மூன்று முடிச்சு. பல்லால் கடித்து அவிழ்த்தார். உள்ளே இன்னொரு பை, அதற்குள் இன்னொன்று. கடைசியில் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, முகாமில் படித்த காலத்துத் தேர்ச்சி அறிக்கைகள், இப்போது மேலே புதிதாக மடிக்காமல் வைத்த பட்டச் சான்றிதழின் நகல். ஓடும்போது அரிசியை விட்டுவிட்டு இந்தப் பையை மடியில் கட்டிக்கொண்டு ஓடியவர் அவர். "பை கிழியக் கிழிய மாற்றியிருக்கிறேன், முடிச்சு மட்டும் பழைய முடிச்சுத்தான்" என்றார். பேத்தி வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், விவசாயம் படித்தாள். கடைசி வருட ஆய்வு, உவர் ஏறிய வயல் மண்ணைப் பற்றியது. ஏன் அதை எடுத்தாய் என்று கேட்டேன். "எங்கள் வயல் ஒன்பது வருடம் சும்மா கிடந்ததே, மண்ணுக்கு என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது" என்றாள். நான் எழுதிய இரண்டு வரியில் 'விவசாய விஞ்ஞானமாணி, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு' என்று இருக்கிறது. அம்மம்மாவின் பல்லுக்கு அதில் இடமில்லை.

கிண்ணியாவிலிருந்து வந்திருக்கும் பொறியியலாளரின் வாப்பா அதோ ஐந்தாவது வரிசையில் இருக்கிறார். இளையவர்களுக்கு ஒரு சொல்லை விளக்கவேண்டும். கிண்ணியாவில் அந்தக் காலத்தில் 'பாதை' என்றால் வீதி அல்ல. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு துறையைக் கடக்கும் மிதவைக்குப் பெயர் பாதை. வாப்பா உயர்தரம் படித்தபோது பௌதிகவியல் டியூஷனுக்கு நகரத்துக்கு வருவார். வகுப்பு ஐந்து நிமிடம் நீண்டால் கடைசிப் பாதை போய்விடும். போய்விட்டால் துறையடித் தேநீர்க் கடையின் பெஞ்சில் விடியும்வரை கொசுவோடு படுக்கவேண்டும். அப்படிப் படுத்த இரவுகளை எண்ணி வைத்திருக்கிறார்: பதினொன்று. அவருக்கு வெட்டுப்புள்ளி கிட்டவில்லை, கடையில் உட்கார்ந்துவிட்டார். 2009இல் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். அப்போது மகனுக்குப் பதினொரு வயது. மகன் பேராதனையில் சிவில் பொறியியல் படித்து முடித்து வந்ததும் வாப்பா அவனைப் பாலத்தின் நடுவுக்குக் கூட்டிக்கொண்டு போய், "இந்தத் தூணை எப்படி இறக்கினார்கள், தண்ணீர் இருக்கும்போதே கொங்கிறீற் எப்படி இறுகும், சொல்லு" என்று கேட்டிருக்கிறார். மகன் ஒரு மணித்தியாலம் சொல்லியிருக்கிறான். "அந்த இறுதிப் பரீட்சைதான் கஷ்டம்" என்று என்னிடம் சிரித்தான்.

ஊருக்குள்ளேயே படித்தவர்களுக்கு வேறு விதமான கஷ்டம். இன்று நான்கு பேர் கோணேசபுரி வளாகத்துப் பட்டதாரிகள். 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமாக வளர்ந்த இடம் அது. அங்கே சித்த மருத்துவம் படித்த பிள்ளையின் வீடு உப்புவெளியில். "பக்கத்தில்தானே போய் வருகிறாள்" என்று சொல்லியே ஊர் அவளுடைய படிப்பைச் சின்னதாக்கிவிட்டது. பெட்டியோடு பஸ் ஏறினால்தான் பல்கலைக்கழகம் என்று நமக்கு ஓர் எண்ணம். அவளோ காலையில் உடற்கூற்றியல், மாலையில் வீட்டு வேலை, இரவில் பழந்தமிழ் மருத்துவப் பாட்டுகள். முதலாம் வருடம் தொடங்கிய நாளிலிருந்தே அக்கம்பக்கத்துக் கிழவர்கள் முழங்கால் வலியோடு வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். நானும் ஒரு நாள் நின்றேன் என்பதை மறைக்கவில்லை. "இன்னும் ஐந்து வருடம் பொறுங்கள் சேர்" என்றாள். பொறுத்தேன். முழங்கால் பொறுக்கவில்லை.

இவ்வளவுக்கும் முன்னோடி ஒருவர் இருந்தார். 1920களில் இங்குள்ள இந்துக் கல்லூரியில் பணியாற்றிய சுவாமி விபுலாநந்தர். இந்தத் தீவில் பல்கலைக்கழகமே இல்லாத காலம் அது. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். விஞ்ஞானம் படித்தவர் தமிழுக்குப் பேராசிரியர்! இன்றைக்கு அவர் விண்ணப்பித்தால் எந்தப் பிரிவில் போடுவது என்று தெரியாமல் படிவத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இலவசக் கல்வி வந்தது 1945இல். அதற்குப் பிறகு வந்தவர்கள் நாம். நான் யாழ்ப்பாணத்தில் படித்த எண்பதுகளில் அப்பா அனுப்பிய காசுக்கட்டளையைவிட அந்தச் சட்டந்தான் எனக்குச் சோறு போட்டது.

சோறு என்றதும் பல்கலைக்கழக மாணவர்களுக்கான மகாபொல உதவித் தொகை நினைவுக்கு வருகிறது. பதினேழு பேரில் பன்னிரண்டு பேர் மகாபொலவிலோ வேறு உதவித் தொகையிலோ படித்தவர்கள். அபிவிருத்தி லொத்தர் சபையின் வருமானத்தில் ஒரு பகுதி அந்த நிதியத்துக்குப் போகிறது. ஆகவே பஸ் நிலையத்தில் மான்களுக்கு நடுவே நின்று லொத்தர் டிக்கெட்டைச் சுரண்டிப் பார்த்து, ஒன்றும் விழவில்லை என்று எறிந்துவிட்டுப் போகும் நம்மூர் மனிதர்களே, உங்களுக்கும் இந்தப் பட்டங்களில் பங்கு உண்டு. விழுந்திருக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை.

புதிய மாணவர்களை மூத்த மாணவர்கள் வதைக்கும் பகிடிவதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1998இல் அதற்கெதிராகச் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். இருந்தும் இங்கே இருப்பவர்களில் ஒருவன் இரண்டே மாதத்தில் பெட்டியோடு வீடு திரும்பியவன். காரணத்தைச் சொல்லாமல் அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தான். தம்பியும் அக்காவும் மாறி மாறிக் கதவடியில் உட்கார்ந்து பேசி, அடுத்த மாதம் அக்காவே கூட்டிக்கொண்டு போய் விட்டுவந்தாள். இன்று அவன் முதலாம் வகுப்பு. அவனை அடித்தவர்களும் எங்கோ ஓர் ஊரில் மாலை போட்டுக்கொண்டு நிற்பார்கள். அது எனக்குச் செரிக்கவில்லை.

"இனி எங்கே வேலை?" என்ற கேள்வியை இன்று ஒரு நாளைக்காவது யாரும் இவர்களிடம் கேட்கவேண்டாம். நாளைக்குக் கேளுங்கள்.

கடைசி ஒன்று. இது என் கதையும் கூட.

1990ஆம் ஆண்டின் முதலாம் தவணை. உயர்தர கணிதப் பிரிவு வகுப்பு. ஒரு மாணவி கரும்பலகையில் ஒரு கணக்கை இரண்டு தடவை பிழையாகச் செய்தாள். நான் இளம் வாத்தியார், வாய்க்கொழுப்பு அதிகம். "பிள்ளை, உனக்கும் கணக்குக்கும் தூரம். நேரத்தை வீணாக்காமல் கலைப்பிரிவுக்குப் போ" என்று முழு வகுப்புக்கும் கேட்கச் சொன்னேன். அவள் பிரிவு மாறவில்லை. ஆனால் அந்த ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டு இந்த ஊருக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் குடும்பத்தோடு போனார்கள். அவளுடைய உயர்தரம் அத்தோடு நின்றது. கல்யாணம், பிள்ளைகள், முன்பள்ளியில் வேலை. நாற்பத்து நான்கு வயதில் திறந்த பல்கலைக்கழகத்தில் பதிந்தாள். ஒவ்வொரு வருடமும் கட்டணம் கட்டும் மாதத்தில் காப்பு இரண்டும் அடகுக்குப் போகும், சம்பளம் சேர்த்து மீட்பாள், அடுத்த வருடம் மறுபடியும் போகும். அதிகாலை மூன்று மணிக்குக் குசினி மேசையில் கொப்பி விரியும், ஐந்தரைக்கு அதே மேசையில் புட்டுக்கு மா குழைப்பாள். சில வகுப்புகளுக்கு இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், மறுநாள் இரவு ரயிலிலேயே திரும்பி, நேரே முன்பள்ளிக்குப் போவாள்.

படிவத்தோடு அவள் வீட்டுக்குப் போனபோது தேநீர் தந்தாள். பாடம் என்ற இடத்தில் 'கணிதம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். தேநீர் உள்ளே இறங்கவில்லை. அன்றைக்கு நான் சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"நினைவிருக்கிறது சேர். அன்று முழுக்கக் காய்ச்சல்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வகையீட்டுச் சமன்பாட்டில் ஒரு தடவை கோட்டை விட்டேன். சேர் சொன்னது சரிதானோ என்று அன்றிரவு நினைத்தேன். அடுத்த தடவை எழுதி எடுத்துவிட்டேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அறிவிப்பாளர் தம்பி, பதினாறு குறிப்புகளை நீங்கள் வாசியுங்கள். இந்த ஒன்றை நான் வாசிக்கிறேன். 'விஞ்ஞானமாணி, கணிதம், இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். வயது ஐம்பத்து மூன்று. பள்ளிக்கூடத்தில் இவருடைய கணித ஆசிரியர் இவரைப் பற்றிச் சொன்னது பிழை.'

எழுந்து வா பிள்ளை. காப்பு இரண்டும் கையில் இருக்கின்றன, இங்கிருந்தே தெரிகிறது. மேடையின் இரண்டாவது படி விளிம்பு உடைந்திருக்கிறது, பார்த்து ஏறு.