முதலில் நூலை வாங்குங்கள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டால் வள்ளியூர், பணகுடிப் பக்கம் தகரக் கூரை போட்டவர்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் மேல்காற்று நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. முப்பந்தலில் தொடங்கி ராதாபுரம் வரைக்கும் காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். வடக்கே செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டுக் கயத்தாற்றுக் கரிசல் வரைக்கும் போய்ச் சேருகிறது. இவ்வளவு காற்று இருக்கிற சீமையில், பட்டம் என்பது பள்ளிக்கூட விடுமுறையோடு முடிந்துபோகிற சங்கதியாக இருக்கிறதே என்ற ஆதங்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. பெரியவர்களும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு கலை அதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எனக்குத் தொழில் தையல். துணியும் நூலும் கையில் புழங்குகிறவன் என்பதால்தான் இந்தப் பட்டத்தின் மேல் இவ்வளவு பிரியம் வந்தது என்று நினைக்கிறேன். நான் பேசப்போவது இரண்டு நூல் பட்டத்தைப் பற்றி. வலது கையில் ஒரு நூல், இடது கையில் ஒரு நூல். வலது கையை இழுத்தால் பட்டம் வலது பக்கம் திரும்பும். இடது கையை இழுத்தால் இடது பக்கம். இரண்டு கையும் சமமாக இருந்தால் நேரே போகும். அவ்வளவுதான் விதி. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு வானத்தில் வட்டம் போடலாம், சதுரம் போடலாம், தரைக்கு ஒரு முழம் மேலே கோடு கிழித்த மாதிரி ஓட்டலாம், நடு வானத்தில் பிடித்து நிறுத்தலாம், ஒற்றை இறக்கை நுனியில் மெதுவாகக் கொண்டுவந்து இறக்கலாம்.

பட்டத்தை இப்படிக் கட்டுப்படுத்துவது நேற்று வந்த யோசனை இல்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜார்ஜ் போகாக் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1826-இல் அவர் ஒரு வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். குதிரை கிடையாது, மாடு கிடையாது. வண்டியை இழுப்பது பட்டம். பெரிய பட்டத்தை நான்கு கயிறு போட்டுத் திருப்பி, மணிக்கு இருபது மைல் வேகத்துக்கு ரோட்டில் ஓட்டினார். ரயில் வண்டி ஊர் ஊராக வருவதற்கு முந்தின காலம், நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் அங்கே சுங்கச்சாவடியில் வண்டியை இழுக்கிற மிருகத்தை எண்ணித்தான் காசு வாங்குவார்கள். இவர் வண்டிக்கு எதை எண்ணுவது? பட்டத்துக்குப் பட்டியலில் கட்டணமே இல்லை. காசில்லாமல் விட்டுவிட்டார்கள். நாங்குநேரிச் சுங்கச்சாவடியைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்த வாத்தியார் ஞாபகம் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கிரிக்கெட் பார்க்கிற நேயர்களுக்காக. இந்த வண்டிக்கு முன்பே, 1824-இல், அவர் தன் மகள் மார்த்தாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டி, பட்டத்தால் மேலே தூக்கினார். ஏறக்குறைய 300 அடி உயரம். பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயதுதான் இருக்கும். யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது, கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்தப் பெண் பத்திரமாகத் தரைக்கு வந்தாள், வளர்ந்தாள், கல்யாணம் முடித்தாள். அவளுக்குப் பிறந்த மகன்தான் டபிள்யூ. ஜி. கிரேஸ். ஆமாம், அந்தப் பெரிய தாடிக்காரர், இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்தவர். பேரன் 1848-இல் பிறந்தவர். தாத்தாவின் கயிறு அன்றைக்குச் சொன்னபடி கேட்டிருக்காவிட்டால் கிரிக்கெட் சரித்திரத்திலேயே ஒரு பக்கம் குறைந்திருக்கும்.

அதற்குப் பிறகு இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கக் கடற்படைக்காக பால் கார்பர் என்பவர் இரண்டு கயிற்றில் திரும்புகிற பட்டம் செய்தார். அதில் எதிரி விமானத்தின் உருவத்தை வரைந்து பறக்கவிட்டு, பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகினார்கள். 1972-இல் இங்கிலாந்தில் பீட்டர் பவல் செய்த பட்டம்தான் இதைக் கடைக்குக் கொண்டுவந்து சாதாரண ஜனங்களின் கையில் கொடுத்தது. இவர்கள் எல்லோரும் நம்பியிருந்தது கையிலிருந்த கயிற்றை. அதனால் நானும் கயிற்றுக்கு வருகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பட்டத்தின் கலரைப் பார்க்கிறார்கள், அகலத்தைப் பார்க்கிறார்கள். கூடவே வந்த நூலை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் என்ன சொல்லுவேன் என்றால், கையில் இருக்கிற பணத்தில் முதலில் நூலை வாங்குங்கள். மிச்சத்துக்குப் பட்டம் வாங்குங்கள். சாதாரணப் பட்டத்தில் நல்ல நூல் கட்டினால் அது நன்றாகவே ஓடும். உசந்த பட்டத்தில் மோசமான நூல் கட்டினால் அது ஓடவே ஓடாது.

ஏன்? நீங்கள் கையை நான்கு விரற்கடை இழுக்கிறீர்கள். அந்த நான்கு விரற்கடையும் அந்தக் கோடியில் இருக்கிற பட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மீன்பிடிக்கிற தங்கூசியைக் கட்டினால் அது ரப்பர் மாதிரி நீளும். நீங்கள் இழுத்தது நூலுக்குள்ளேயே காணாமல் போய்விடும், பட்டம் திரும்பாது. திரும்பும்போது ஒரேயடியாகத் திரும்பித் தரையில் குத்தும். இதற்கென்றே இருக்கிற நூல் டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வருகிறது. பாலிஎத்திலீன் வகைதான், ஆனால் அசாத்தியப் பலம். 25 மீட்டர் நூல் அறுந்துபோகிற அளவுக்குப் பாரம் ஏற்றினால்கூட ஒரு மீட்டர் நீளாது. தூத்துக்குடியில் மீன்பிடி சாமான் விற்கிற கடைகளில் இதே சரக்குப் பின்னல் நூலாகக் கிடைக்கும். நான் போய் அதை விரலால் தடவி, இழுத்து, இரண்டு சுருளையும் ஒன்றுபோல அளந்து கேட்டபோது கடைக்கார அண்ணாச்சி, “அப்படி என்ன மீனுக்குவே தூண்டி போடப் போறிய?” என்று கேட்டார். பட்டத்துக்கு என்றேன். அவர் எழுந்து நின்று இன்னும் மெல்லிசான ஒரு நூலை உள்ளேயிருந்து எடுத்து வந்தார். நூலை அறிந்தவர்.

இந்த நூலின் இன்னொரு குணம், வழுக்கும். பட்டத்தை வலது பக்கமாகவே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் இரண்டு நூலும் முறுக்கிக்கொள்ளும். முதல் முறை பார்க்கிறவர்கள் அவ்வளவுதான் போச்சு என்று பதறுவார்கள். ஒன்றும் போகாது. முறுக்கிக்கொண்ட நூல் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி ஓடும், கை சொல்வதை அப்படியே பட்டத்துக்குக் கடத்தும். அதே எண்ணிக்கைக்கு இடது பக்கம் சுற்றினால் முறுக்குப் பிரிந்துவிடும். பருத்தி நூலில் இது நடக்காது, கவ்விப் பிடித்துக்கொள்ளும். இன்னும் ஒன்று, இந்த நூல் சுமார் 150 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும். பக்கத்தில் வேறொருவர் சாதா நூலில் பட்டம் விட்டு அது உங்கள் நூலின் மேல் உரசினால், அந்த உரசல் சூட்டிலேயே உங்கள் நூல் அறுந்துபோகும். ஆகவே தள்ளி நில்லுங்கள்.

மாஞ்சா என்ற பேச்சே வேண்டாம். கண்ணாடித்தூள் பூசிய நூல் கழுத்தை அறுத்து எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கிறது என்பது பத்திரிகை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். செயற்கை இழை மாஞ்சாவை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுவதும் தடை செய்தது. நம்முடைய விளையாட்டில் அறுக்கிற வேலையே கிடையாது.

நூலைப் பற்றி முடிவாக ஒன்று, இதைத் திரும்பவும் சொல்வேன். இரண்டு நூலும் ஒரே நீளம் இருக்க வேண்டும். தரையில் ஒரு முளை அடித்து இரண்டு நூலின் நுனியையும் அதில் மாட்டி, இந்தக் கோடியில் வந்து இரண்டையும் சேர்த்து இழுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால்கூடப் பட்டம் ஒரு பக்கமாகவே இழுக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பட்டம் சரியில்லை என்று பரணில் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. பட்டத்தில் குற்றமில்லை. இரண்டு நூலும் ஒரே நீளம். நுனியில் முடிச்சுப் போடுகிற இடத்தில் நூலின் பலம் குறையும், அதனால் நுனிக்குக் குழாய் மாதிரி ஒரு உறை போட்டு உறையோடு சேர்த்து முடிச்சுப் போடுங்கள். பழகுகிறவர்களுக்கு 25 மீட்டர் நீளமும், ஒரு நூலுக்கு 40 முதல் 70 கிலோ தாங்கும் பலமும் போதும்.

இப்போது காற்று. ஆடி மாதம் உவரிக் கடற்கரைக்குப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கடற்கரை என்றால் நல்ல காற்று என்று நினைப்பு. அந்த மாதத்தில் அங்கே கச்சான் காற்று, அதாவது மேற்கேயிருந்து அடிக்கிற காற்று, நிலத்து மேலிருந்து பனங்காட்டையும் வீடுகளையும் தாண்டிச் சிதறி வருகிறது. குதித்துக் குதித்து அடிக்கும், பட்டம் அறுந்தால் கடலுக்குப் போய்விடும். தை, மாசி, பங்குனியில் போங்கள். வெயில் ஏறி, உச்சிக்குப் பக்கம் வந்ததும் கடற்காற்று தொடங்கும். அது வழியில் எதிலும் மோதாமல் நீரின் மேலே வருகிற காற்று, சீராக இருக்கும். பழகுவதற்கு அதைப் போல ஒரு ஆசான் கிடையாது.

உள்நாட்டில் என்றால் கோடையில் வற்றிய குளத்தின் நடுப்பகுதி நல்ல இடம். மரமோ கட்டடமோ காற்று வருகிற பக்கம் இருந்தால், அதன் உயரத்தைப் போலக் குறைந்தது ஏழு மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும். நாற்பதடிப் பனை என்றால் 280 அடி. காற்றாலைப் பக்கம் போகவே கூடாது. மின்கம்பி இருக்கிற இடத்தை விட்டு விலகுங்கள். பட்டத்தின் கார்பன் குச்சி மின்சாரத்தைக் கடத்தும், ஈர நூலும் கடத்தும். இடி மின்னல் நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு காற்று வேண்டும்? வேப்பமரத்தில் இலையும் சின்னக் கொப்பும் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் காற்று. அதுதான் பழகுகிறவர்களுக்கு. புழுதி கிளம்பினால் இருபதைத் தாண்டிவிட்டது, கை பழகியவர்கள் மட்டும். சின்ன மரமே ஆடினால் பட்டத்தைப் பைக்குள் வையுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். 15 கிலோமீட்டரில் உங்கள் கையில் செல்லமாக இழுத்த பட்டம் 30-இல் ஆளையே இழுத்துக்கொண்டு போகும். நம் ஊர் ஆடிக்காற்றுக்கு வலைத்துணி வைத்துக் காற்றை வெளியே விடுகிற பட்டங்கள் தனியாக உண்டு.

பட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து விரலைக் காட்டுகிறார்கள், சுருக்கிக்கொள்கிறேன். துணி, கட்டம் கட்டமாக நெய்த ரிப்ஸ்டாப்பாக இருக்கட்டும். ஓரிடத்தில் கிழிந்தால் அந்தக் கட்டத்தைத் தாண்டாது. குடைத்துணியில் நானே தைத்திருக்கிறேன், பறக்கும், ஆனால் காற்றைக் கசியவிடும். முதல் பட்டத்துக்குக் கண்ணாடி இழைக் குச்சியே நல்லது, கார்பனை விடக் கனம்தான், ஆனாலும் தரையில் குத்தினால் வளைந்து தப்பித்துக்கொள்ளும். அகலம் ஒன்றரை மீட்டர் போதும். உதிரிக் குச்சி தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

நான்கு நூல் பட்டத்துக்கு நேரமே இல்லை. 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் சான் டியேகோவைச் சேர்ந்த ஹாட்ஸிக்கி சகோதரர்கள் கொண்டுவந்தது. பின்னாலும் பறக்கும், நின்ற இடத்தில் சுழலும். இரண்டு நூலில் கை பழகிய பிறகு அதற்குப் போங்கள்.

கடைசியாக, நூலைச் சுற்றி வைக்கும்போது வட்டமாகச் சுற்றாதீர்கள், எட்டுப் போட்டுச் சுற்றுங்கள், முறுக்கு ஏறாது. இரண்டு நூலையும் சேர்த்தே சுற்றுங்கள். கடற்கரைக்குக் கொண்டுபோயிருந்தால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, அப்புறம் சுற்றுங்கள். வணக்கம்.