பட்டியல் இல்லாமல் வடசேரிக்கு

(நாகர்கோவிலில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். சமையலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டீர்கள். என் வீட்டுச் சமையல் காலை ஆறு மணிக்கு வடசேரி உழவர் சந்தையில் முடிவாகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறந்தது. அடையாள அட்டை வாங்கிய விவசாயி தன் விளைச்சலைத் தானே கொண்டுவந்து விற்கலாம். அன்றைய விலை பலகையில் இருக்கும். நடுவில் தரகர் கிடையாது. இவ்வளவுதான் ஏற்பாடு. விலை குறைவு என்பதற்காகப் பலர் போகிறார்கள், சரிதான். எனக்கோ, பயிரிட்டவரிடமே பேச முடிகிறதே, அதுதான் பெரிது.

முன்பெல்லாம் நானும் பட்டியல் எழுதிக்கொண்டுதான் போவேன். ஒருநாள் கத்தரிக்காய் கேட்டேன். ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து வரும் அக்கா தன் கூடையிலிருந்த கத்தரிக்காயையே விலக்கி வைத்துவிட்டு, "இது முந்தாநாள் பறிச்சது மக்கா. தடியங்காயக் கொண்டு போ, இன்னைக்கு வெட்டினது" என்றார். தடியங்காய் என்றால் வெள்ளைப் பூசணி. தன் சரக்கையே வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கு மனம் வருகிறதே! அன்றோடு பட்டியலை விட்டேன்.

கையும் கண்ணும் பழகினால் போதும். வெண்டைக்காயின் நுனி பட்டென்று ஒடிய வேண்டும். கத்தரிக்காயின் காம்பு பச்சையாக இருக்க வேண்டும். தேங்காயைக் காதருகே ஆட்டினால் தண்ணீர் கேட்க வேண்டும்.

அப்புறம் வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால், துண்டு சேனை, இரண்டு ஏத்தங்காய் (நேந்திர வாழைக்காய்), நாலு முருங்கைக்காய், பாதித் தடியங்காய், கொஞ்சம் அவரை, ஒரு மாங்காய் என்று கிடக்கும். இதற்கென்றே பிறந்தது அவியல். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவர்கள் குமரி மாவட்டத்துக்காரர்களான நாம். மாநிலம் மாறிய பின்னும் நம் வீடுகளில் அவியல் அப்படியே இருக்கிறது. திருவனந்தபுரத்தில் என் சித்தி தயிர் சேர்ப்பாள். நான் மாங்காய் போடுவேன். இரண்டும் அவியல்தான்.

ஆனால் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எல்லாக் காயையும் ஒன்றாகப் போட்டு வேக வைக்காதீர்கள். முதலில் சேனையும் ஏத்தங்காயும். அவை பாதி வெந்ததும் அவரையும் முருங்கையும். அதன்பின் தடியங்காய், அது தானே தண்ணீர் விடும், மேலே ஊற்ற வேண்டாம். மாங்காய் கடைசியில்தான். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் சேனை மசியாது, விறைத்துக்கொள்ளும். தேங்காய், பச்சை மிளகாய், சீரகம், மஞ்சள் நான்கையும் கரகரப்பாக அரையுங்கள். மை போல அரைத்தால் அவியல் கூட்டாகிவிடும். அரைப்பைச் சேர்த்து ஒரு கொதி, கறிவேப்பிலை, மேலே பச்சைத் தேங்காய் எண்ணெய், உடனே மூடி. ஐந்து நிமிடம் திறக்காதீர்கள். திறக்கும்போது எழும் அந்த மணத்துக்காக நான் தினமும் விடியலில் எழுவேன்.

மார்கழி, தை வந்தால் சந்தையில் சிறுகிழங்கு குவியும். மண்ணோடு இருப்பதையே வாங்குங்கள். தண்ணீரில் ஊற வைத்து, சாக்கில் கட்டி, கல்லில் புரட்டித் தேய்த்தால் தோல் உரிந்து வரும். எங்கள் அம்மா அப்படித்தான் செய்வாள், பிள்ளைகள் நாங்கள் சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வோம். கை கறுத்துப் போகும், பரவாயில்லை. பொரியலாக்கிச் சுடுசோற்றோடு வைத்தால், எங்கள் வீட்டில் மீன் குழம்பைக்கூட ஒரு பக்கமாக ஒதுக்கி வைப்பார்கள்.

நாளை காலை போகிறவர்கள் ஏழு மணிக்குள் போய்விடுங்கள். அந்த அக்கா ஒன்பதுக்கெல்லாம் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவார். நன்றி, வணக்கம்.