காதால் சமைக்கும் மீன்

நேயர்களுக்கு வணக்கம்.

பளபளவென்று மினுங்குவதற்காகவே செய்யப்படும் ஒரு பண்டத்தைப் பற்றி வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த மினுக்கத்தை உங்களால் பார்க்க முடியாது. ஆனாலும் தயங்காமல் ஒத்துக்கொண்டேன். கிளேஸ் போட்ட மீன் சமைக்கும்போது எனக்குக் கண்ணைவிடக் காதுதான் அதிகம் உதவுகிறது.

கிளேஸ் என்பது வேறொன்றுமில்லை. உப்பும் இனிப்பும் புளிப்பும் கலந்த சாறு சுண்டி, பாகு போல மீன்மேல் படிவதுதான். ஜப்பானியர்கள் செய்யும் தெரியாக்கி இந்த வகைதான். 'தெரி' என்றால் பளபளப்பு, 'யாக்கி' என்றால் சுடுவது. பெயரில் பளபளப்பு முதலில் நிற்கிறது. அடுப்பில் அது கடைசியில்தான் வரவேண்டும்.

இது தெரியாமல் முதல் தடவை, மீனைப் போட்ட கையோடு தேன் கலவையையும் ஊற்றிவிட்டேன். சில நிமிடங்களில் வெளியே கரி. பிட்டுப் பார்த்தால் நடுவில் பச்சை. தேனில் இருக்கும் ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை 110 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கருகத் தயாராகிவிடும். மீன் வறுக்கும் வாணலியின் சூடோ அதைவிட எவ்வளவோ அதிகம்.

இரண்டு பேருக்குச் சொல்கிறேன். முள் நீக்கிய மீன் துண்டுகள் இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம், 2.5 சென்டிமீட்டர் கனம். சால்மன் போலக் கொழுப்புள்ள மீன் என்றால் கொஞ்சம் கூட வெந்தாலும் வறண்டுபோகாது. ஒரு கிண்ணத்தில் சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, தேன் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, தண்ணீர் 2 மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு 2 பல், துருவிய இஞ்சி கொஞ்சம். உப்பு வேண்டாம், சோயா சாஸிலேயே போதுமானது இருக்கிறது. தேன் இல்லையென்றால் சர்க்கரை போடலாம், மணம்தான் சற்றுக் குறையும்.

அடுப்பை மூட்டுவதற்கு முன்னால் மீனை ஈரம் போகத் துடையுங்கள். காகிதத்தால் ஒற்றி எடுங்கள், திருப்பிப் போட்டு மறுபடியும் ஒற்றுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஈர மீன் வாணலியில் படபடவென்று வெடிக்கும், எண்ணெய் கையில் தெறிக்கும். நீர் ஆவியாகும் வரை மேற்புறம் சிவக்கவும் சிவக்காது. துடைத்த மீன் ஒரே சீராக 'சொய்ங்' என்று பாடும். அதுதான் நாம் கேட்கவேண்டிய முதல் சத்தம்.

வாணலி காய்ந்ததும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, தோல் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். தீ நடுத்தரம். நான்கைந்து நிமிடம் அதைத் தொடாதீர்கள். ஒட்டியிருக்கும் மீனைச் சுரண்டி எடுக்கப் போனால் தோல் வாணலியோடு தங்கிவிடும். பொறுத்திருந்தால் அதுவே விட்டுக்கொடுக்கும். திருப்பியபின் இன்னும் இரண்டு நிமிடம். ஓரத்தில் வெள்ளையாக ஏதாவது கசிந்தால் பயப்படாதீர்கள், அது கொழுப்பு இல்லை, சதையிலிருந்து வெளியேறி உறைந்த புரதம். நிறையக் கசிந்தால் தீயைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம்.

மீனை ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டு, கலவையை அதே வாணலியில் ஊற்றுங்கள். இப்போது காதைக் கொடுங்கள். முதலில் சின்னச் சின்னக் கொப்புளங்களாகச் சலசலக்கும். நீர் வற்ற வற்றச் சத்தம் கனத்து, கொப்புளங்கள் பெரிதாகி மெதுவாக உடையும். கரண்டியின் முதுகில் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்கவேண்டும். அதற்குமேல் விடவேண்டாம், ஆறும்போது அது இன்னும் இறுகும். கம்பிப் பதத்துக்குப் போய்விட்டால் பல்லில் ஒட்டும் மிட்டாய்தான்.

தீயைத் தணித்து மீனைத் திரும்ப வையுங்கள். வாணலியைச் சாய்த்து, கரண்டியால் கிளேஸை அள்ளி அள்ளி மேலே ஊற்றுங்கள், ஒரு நிமிடம் போதும். நடுவில் முள்கரண்டியால் நெம்பினால் சதை இதழ் இதழாகப் பிரியவேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு, மீனின் நடுவில் 63 டிகிரி செல்சியஸ் கணக்கு. மீனில் தசைகளைப் பிணைக்கும் கொலாஜன் குறைவு, அதுவும் சீக்கிரம் இளகிவிடும். அதனால்தான் இறைச்சி போலக் காத்திருக்க வேண்டியதில்லை.

பச்சை மீன் ஊறிய கலவையையே கிளேஸுக்கு எடுப்பதாக இருந்தால், நன்றாகக் கொதிக்கவிடாமல் மேலே ஊற்றக்கூடாது. நான் ஊறவைப்பதே இல்லை. சுவை வெளியே இருந்தால் போதும், உள்ளே மீன் மீனாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி.

சோறோ, வேகவைத்த காய்கறியோ முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். மீன் காத்திருக்காது. சாப்பிட உட்காருவதற்கு முன் வாணலியில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி வைத்துவிடுங்கள். பாகு இறுகிப்போனால் தேய்த்து மாளாது.

வணக்கம்.