நடக்க வராத பொம்மைகள்

நண்பர்களே, வணக்கம்.

'தண்டர்பேர்ட்ஸ்' என்ற பொம்மைத் தொலைக்காட்சித் தொடரை எடுத்த ஜெர்ரி ஆண்டர்சன், பொம்மைப் படம் எடுக்க ஆசைப்பட்டவர் இல்லை. நிஜ நடிகர்களை வைத்துப் படமெடுக்கத்தான் 1957-ல் இங்கிலாந்தில் அவரும் ஒளிப்பதிவாளர் ஆர்தர் ப்ரோவிஸும் கம்பெனி தொடங்கினார்கள். வேலை வரவில்லை. கையிருப்பு கரைந்த நேரத்தில் வந்து சேர்ந்தது, சிறுவர்களுக்கான ஒரு பொம்மைத் தொடர். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை.

சரி, எடுப்பதுதான் எடுக்கிறோம், சினிமா மாதிரியே எடுப்போம் என்று ஆண்டர்சன் இறங்கினார். எனக்கு அவர்மேல் மரியாதை பிறப்பது அந்த இடத்தில்தான்.

பொம்மை இரண்டடி உயரம்கூட இருக்காது. மேலே பலகைப் பாலத்தில் நிற்பவர்கள் மெல்லிய கம்பிகளைப் பிடித்து ஆட்டுவார்கள். அதே கம்பி வழியாக மின்சாரமும் இறங்கும். முன்பே பதிவு செய்த வசனம் ஓட ஓட, தலைக்குள் இருக்கும் சின்ன மின்காந்தக் கருவி கீழுதட்டை அசைக்கும். அந்தக் கருவிக்கு இடம் வேண்டுமே! அதனால்தான் அந்தப் பொம்மைகளுக்கு உடம்போடு பொருந்தாத பெரிய தலை.

பேச்சு வந்துவிட்டது, நடைதான் வரவில்லை. கால் தரையில் பதியாமல் தொங்கிக்கொண்டே போகும். அப்படியானால் நடக்கவே வேண்டாம் என்று பறக்கும் கார், ராக்கெட், நீர்மூழ்கி என எதிலாவது உட்கார வைத்தார். 1961-ல் 'சூப்பர்கார்', 1964-ல் 'ஸ்டிங்ரே' எல்லாம் அந்த வழியில் வந்தவை. பொத்தானை அழுத்தும் காட்சியா? நிஜ மனிதரின் கையை நெருக்கத்தில் காட்டிவிடுவார்.

1963-ல் மேற்கு ஜெர்மனியின் லெங்கெடே சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. இரண்டு வாரம் கழித்து, பூமியைத் துளைத்து 11 பேரை உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள். துளைபோடும் இயந்திரம் எங்கிருந்தோ வந்துசேர வேண்டியிருந்தது ஆண்டர்சனை உறுத்தியது. மீட்பு இயந்திரங்கள் எப்போதும் தயாராக நின்றால் எப்படி இருக்கும்? அந்த யோசனைதான் 1965-ல் 'தண்டர்பேர்ட்ஸ்' ஆனது. முதல் பாகத்தைப் பார்த்த லூ கிரேட், பணம் போடுகிறவர், அரை மணி நேரத்தை ஒரு மணி நேரமாக்கச் சொல்லிவிட்டார். முடித்து வைத்திருந்த பாகங்களையும் பிரித்து, புதுக் காட்சிகள் எடுத்துச் சேர்த்தார்கள்.

நிஜ நடிகர்களை வைத்து ஒரு தொடர் எடுக்கும் வாய்ப்பு அப்புறம் 1970-ல், 'யு.எஃப்.ஓ.' மூலம் கிடைத்தது.

'தண்டர்பேர்ட்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆண்டர்சனுடைய அண்ணன் லயனல் இரண்டாம் உலகப் போரில் விமானி. அமெரிக்காவில் பயிற்சியில் இருந்தபோது வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், தண்டர்பேர்ட் என்ற விமானத்தளத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். போருக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. ஆளை மீட்க ஓடிவரும் அந்த இயந்திரங்களுக்குத் தம்பி வைத்தது, அந்தக் கடிதத்தில் இருந்த பெயர்.